சாவா மூவாப் பேராடு

கார்த்திகைத் தீபத்தன்று மாலையில் கீழ்பென்னாத்தூர் மக்கள் மேற்குத் திசையை நோக்கி நிற்பார்கள். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஏறக்குறையப் பத்துக் கல் தொலைவில் உள்ளது அவ்வூர். மலையுச்சியில் ஏற்றிய சுடர் கண்ணுக்குத் தெரிந்தவுடன் வீட்டு வாசலில் அகல் வைப்பார்கள். சுடரைக் காணாமல் அகலுக்குத் திரி போடுவதில்லை.

நேயர்களே, மலைமேல் எரியும் அந்தச் சுடரை நாடே பார்க்கிறது. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது கோயிலின் உள்ளே, இரவும் பகலும் அணையாமல் எரிந்த சிறு விளக்குகளைப் பற்றி. கல்வெட்டுகள் இவற்றை நந்தா விளக்கு என்றும் நொந்தா விளக்கு என்றும் கூறுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த விளக்குகளுக்கு நெய் வார்த்தவர்கள் ஆட்டிடையர்கள். ஆகவே விளக்கின் வரலாறு என்பது பாதிக்கு மேல் ஆட்டின் வரலாறாகவே இருக்கிறது.

ஒருவர் கோயிலுக்கு நந்தா விளக்கு வைக்க விரும்பினால் நெய்யை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. பொன் கொடுப்பார், நிலம் கொடுப்பார், அல்லது ஆடு விடுவார். அண்ணாமலையார் கோயில் உட்படத் தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும் சோழநாட்டிலும் உள்ள கோயிற் கல்வெட்டுகளில் இவ்வாறு ஆடு விட்ட செய்திகள் நிறைய உண்டு. ஒரு விளக்குக்குத் தொண்ணூறு ஆடு என்பது சில இடத்து வழக்கம். தொண்ணூற்றாறு என்பது பல இடத்து வழக்கம். அந்த ஆடுகளைக் கல்வெட்டு ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கிறது. சாகாத, மூப்படையாத ஆடுகள்! சந்திரனும் சூரியனும் உள்ளளவும் அவை பால் தர வேண்டும்; அந்தப் பாலிலிருந்து நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு வர வேண்டும்.

மாணவர்கள் இங்கே சற்று நின்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வரலாறு படிப்போர் கல்வெட்டில் அரசன் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். தொண்ணூற்றாறு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் இதற்கு ஒரு வாய்ப்பாட்டையே தந்திருக்கின்றன. ஒரு விளக்குக்கு ஆடானால் 96, பசுவானால் 48, எருமையானால் 16. அதாவது ஓர் எருமைக்கு மூன்று பசு. ஒரு பசுவுக்கு இரண்டு ஆடு. 1010ஆம் ஆண்டளவில் இந்த வீதத்தைக் கண்டவர் ஏட்டுக் கணக்கர் மட்டுமல்லர், பால் கறந்து பார்த்தவரும் கூட என்பதில் எனக்கு ஐயமில்லை.

நான்கு உழக்கு கொண்டது ஒரு நாழி. முகத்தலளவை இடத்துக்கு இடம் மாறியது. ஆயினும் ஓர் உழக்கு நெய்யை ஏறத்தாழ 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளாட்டுப் பாலில் கொழுப்பு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் இருக்கும். ஆகவே ஒரு துளியும் வீணாகாமல் எடுத்தாலும் அவ்வளவு நெய்க்கு ஏழரை லிட்டர் பால் வேண்டும். தொண்ணூற்றாறு ஆடுகளில் ஒரு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கறவையில் இருந்தால் முப்பத்திரண்டு ஆடுகள். ஓர் ஆட்டுக்குக் கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு. செம்மறியின் பாலில் கொழுப்பு இன்னும் மிகுதி. எனவே அதற்குக் குறைந்த பாலே போதும். குட்டி குடித்தது போக நாட்டாடு இவ்வளவு தரக்கூடியதே. கடையும்போது சேதமாவது, மழை பொய்த்த மாதங்களில் மடி வற்றுவது, எல்லாவற்றையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், தொண்ணூற்றாறு என்பது முன்யோசனையோடு வைத்த எண் என்பது புலப்படும்.

ஆட்டுப்பாலில் இன்னொரு இயல்பு உண்டு. எருமைப்பாலைப் போல அதில் ஏடு எளிதில் திரளாது. கொழுப்புத் துளிகள் மிக நுண்ணியவையாகப் பாலெங்கும் கலந்து மிதக்கும். ஏட்டை வழித்து எடுத்து வெண்ணெய் செய்யும் மேல்நாட்டு முறை இதற்குப் பொருந்தாது. ஆனால் பாலைக் காய்ச்சி, உறை ஊற்றி, தயிராக்கி, மத்தால் கடைந்து வெண்ணெய் எடுப்பது நம் முறை. பால் மிகும் மாதங்களில் உருக்கிய நெய்யைச் சேமித்து, குறையும் மாதங்களில் அளக்கலாம். இடைச்சியின் மத்தும் பானையும் இல்லாமல் கோயில் விளக்கு எரிந்திருக்க இயலாது. கல்வெட்டில் அவள் பெயர் வருவது அரிது.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். ஆடு சாகாதா? மூப்படையாதா? சாகும், நோயில் சாகும், பஞ்சத்தில் சாகும், ஓநாய் வாயில் சாகும். கல்வெட்டு எழுதியவருக்கு இது தெரியாததன்று. ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையரை மன்றாடி என்பார்கள். இக்காலத்தில் மன்றாடுதல் என்றால் இரந்து கேட்பது. அக்காலத்தில் மன்றாடி என்பது ஆயர்குலத்தாரின் பெயர். இறந்த ஆட்டுக்கு ஈடாகப் பிறந்த குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைப்பது அவர் பொறுப்பு. ஈடு செய்ததுபோக மிகுந்த குட்டிகள் அவருடையவை. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் மந்தை பெருகும், இடையர் வாழ்வார். ஆடுகள் மடிந்த ஆண்டிலோ, கல்லில் வெட்டிய தொண்ணூற்றாறு தொண்ணூற்றாறாகவே நிற்கும். நெய்யும் உழக்காகவே நிற்கும். தஞ்சைக் கல்வெட்டுகளில் ஆடு பெற்ற இடையரின் பெயரோடு அவருக்குப் பொறுப்பேற்ற உறவினர் பெயர்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஓர் ஆடு செத்தால் ஒரு குடும்பமே பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் பொருள்.

தானம் செய்தவருக்குப் புண்ணியம் அழியாமல் நின்றது. கோயிலுக்கு நெய் குறையாமல் வந்தது. சாவும் மூப்பும் மட்டும் மன்றாடியின் பங்காக ஒதுக்கப்பட்டன. இதைக் கொடுமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கவும் நான் துணியவில்லை. கையில் முதல் இல்லாத ஓர் இடையருக்கு ஒரே நாளில் தொண்ணூற்றாறு ஆடுகள் கிடைத்தன என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொள்வதுதான் வரலாற்று மாணவனுக்கு அழகு.

இந்த வட்டாரத்தில் ஆட்டுப்பால் கோயில் கட்டிய பின் வந்த புதுமையன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம், திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பாடுவது, பாடியவர் பெருங்கௌசிகனார். நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்களுக்கு வழி சொல்லும்போது, இரவு எங்கே தங்கலாம் என்பதையும் புலவர் சொல்கிறார். கிடாய்களும் செம்மறிகளும் வெள்ளாடுகளும் கலந்து கடல்போல் இரையும் மந்தையை அடைந்தால், சமைக்கும் தொல்லையின்றிப் பாலும் கூழும் கிடைக்கும். தோலால் செய்த படுக்கை கிடைக்கும். நெருப்பைத் துணையாகக் கொண்டு இரவைக் கழிக்கலாம். இந்தச் செய்தியில் எனக்கு ஒரு பயன் உண்டு. கல்வெட்டில் வரும் ‘ஆடு’ என்பதை அறிஞர்கள் பெரும்பாலும் செம்மறி என்றே மொழிபெயர்க்கிறார்கள். மலைபடுகடாம் காட்டும் மந்தையிலோ இரண்டும் கலந்தே மேய்கின்றன. பிற்காலத்து மன்றாடிகளின் மந்தைகளும் பலவிடத்து அப்படித்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மந்தை என்றால் காவலும் உண்டு. செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. கால்நடைகளைக் காக்கவும் மீட்கவும் போராடி இறந்தவர்களுக்கு நட்ட கற்கள் அங்கே மிகுதி. எடுத்தனூர் நடுகல்லில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காத்து உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மந்தை காத்த நாய்க்கும் பெயர் கிடைத்திருக்கிறது. மோர் கடைந்தவளுக்குக் கிடைக்கவில்லை.

கீழ்பென்னாத்தூருக்குத் திரும்புவோம். ஏரிப்பாசன நெல்லும் மானாவாரி நிலக்கடலையும் விளையும் ஊர் அது. நிலக்கடலையை அப்பகுதியில் மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்பதன் திரிபு அது. பயிர் கடல் கடந்து வந்ததைப் பெயரே சொல்லிவிடுகிறது. இன்று அங்கே ஒரு குடிசையின் பின்புறம் இரண்டு ஆடு வளர்க்கும் குடும்பத்துக்குப் பெருந்துணை மல்லாட்டைக் கொடியும் கடலைப் பிண்ணாக்கும். சோழர் காலத்து மன்றாடிக்கு இவை கிடையா. வேலியில் தானே முளைக்கும் சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்தது; அதன் இனிப்பு நெற்றுக்கு ஆடுகள் உயிரை விடும். சூபாபுல் அதற்கும் பின் பரவியது. பழைய தீவனம் எது என்றால் வேம்பு, பூவரசு, ஆல், அகத்தி, கிளுவை, கல்யாண முருங்கை, வெள்வேல நெற்று ஆகியவையே. கோடையில் புல் கருகிய பின்னும் மரத்தில் தழை இருக்கும். செம்மறி தரையைப் பார்த்து மேயும். வெள்ளாடோ பின்னங்காலில் நின்று மரத்தைப் பார்க்கும். வறண்ட நாட்டில் வெள்ளாடு பிழைத்ததன் இரகசியம் அந்தப் பின்னங்கால்தான்.

ஆடு எதையும் தின்னும் என்று நாம் ஏளனமாகச் சொல்வதுண்டு. உண்மையில் அது நுனிப்புல் மேய்வது. தரையில் விழுந்து மிதிபட்ட தழையை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அதனால்தான் வீட்டில் வளர்ப்போர் தழையைக் கட்டாகக் கட்டித் தலைக்கு மேல் தொங்கவிடுகிறார்கள். ஆடு தொடாத செடிகளுக்கு நம் முன்னோர் அதைக் கொண்டே பெயரிட்டார்கள்: ஆடாதொடை ஒன்று, ஆடுதின்னாப்பாளை மற்றொன்று. இரண்டும் மருந்துச் செடிகள். ஆட்டின் நாக்கையே சோதனைக்கூடமாகக் கொண்டிருக்கிறார்கள்! நீரின்றி வாடிய இளஞ்சோளப் பயிரில் நஞ்சு ஏறியிருக்கும் என்பதும் அந்தச் சோதனைக்கூடத்தில் பல ஆடுகளைப் பலிகொடுத்துக் கற்ற பாடமே. அங்கே ஆட்டின் நாக்கும் ஏமாந்துபோகும். ஆகவே மேய்ப்பவர்தான் விலக்க வேண்டும்.

கறவை ஆட்டுக்குப் பசுந்தழை மூன்று நான்கு கிலோ, அதோடு உலர்ந்த கொடி, சிறிது பிண்ணாக்கு, தவிடு, ஒரு கட்டி உப்பு, வேண்டிய அளவு தண்ணீர் என்று வைத்தால் போதும் என்பார்கள். இன்று இதைச் சொல்வது எளிது. ஆனால் நிலமற்றவர் அந்தத் தழையை எங்கே வெட்டுவார்? மந்தைவெளியிலும், ஏரிக்கரையிலும், காட்டோரத்திலும்தான். 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் இங்கேதான் ஆட்டுக்காரர் வாழ்வில் நுழைந்தது. அரசு ஒதுக்கிய காடுகளில் மேய்ச்சலுக்கு அனுமதியும் கட்டணமும் வந்தன. மாட்டுக்குக் காட்டிய தயவு வெள்ளாட்டுக்குக் காட்டப்படவில்லை. வன அதிகாரிகள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. முளைத்து வரும் கன்றின் குருத்தைத்தான் வெள்ளாடு முதலில் கடிக்கும். எனினும் காட்டை அழித்தது இரயில் பாதைக்கும் எரிபொருளுக்கும் வெட்டிய கோடரியா, ஆட்டின் பல்லா என்று கேட்டால், பழி மட்டும் ஆட்டின்மேல் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது என்பேன். அதன் பிறகு ஊர்ப் புறம்போக்குகளும் சுருங்கின. மந்தை வைத்திருந்தவர்கள் பலர் நான்கைந்து ஆடுகளுக்கு இறங்கினார்கள்.

மந்தைக்காரருக்குப் பாலைவிடக் கிடை முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்த வயலில் இரவில் ஆடுகளை மறித்துவைத்தால் நிலத்துக்கு எரு, இடையருக்கு நெல். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்பது உழவர் வாக்கு. கல்வெட்டு நெய்யை மட்டும் எண்ணியது, புழுக்கையை எண்ணவில்லை. மன்றாடியின் குடும்பத்தைத் தாங்கியதில் எண்ணப்படாத அந்தப் பகுதியே பெரிது என்று நான் கருதுகிறேன்.

இனி, கறக்கும் வேளை. ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். ஈன்ற உடன் சுரக்கும் சீம்பாலைக் குட்டிக்கே விட்டுவிட வேண்டும். நோயை எதிர்க்கும் வலிமை அதில்தான் இருக்கிறது. சில நாட்களுக்குப் பின், இரவில் குட்டியைக் கூடையில் கவிழ்த்து வைத்துவிட்டு விடியற்காலையில் கறப்பது வீட்டு வழக்கம். ஆட்டுக்குக் காம்பு இரண்டே. ஒன்றைக் கறந்து மற்றொன்றைக் குட்டிக்கு விடும் பெண்கள் பலர். மடியைக் கழுவித் துடைத்து, காம்பை முழு விரல்களாலும் பிடித்து அழுத்த வேண்டும்; பெருவிரலை மடக்கி அதன் கணுவால் இழுத்துக் கறந்தால் காம்பு புண்படும். கிடாய் அருகில் கட்டியிருந்தால் பாலில் அதன் வீச்சம் ஏறும். ஆட்டுப்பால் நாறும் என்று முகம் சுளிப்போர் பலருக்குக் காரணம் ஆடன்று, கிடாய் கட்டிய இடம்.

பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சான்று உண்டு. மத்தியதரைக் கடலில் உள்ள மால்ட்டாத் தீவில், ஆடுகளைத் தெருத்தெருவாக ஓட்டிச் சென்று வீட்டு வாசலிலேயே கறந்து விற்பது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. அங்கே படைவீரர்களை வாட்டிய ஒரு நெடுங்காய்ச்சலின் கிருமியை 1887ஆம் ஆண்டில் தேவிட் புரூஸ் கண்டுபிடித்தார். கிருமி எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் விளங்கவில்லை. 1905ஆம் ஆண்டில் அத்தீவைச் சேர்ந்த மருத்துவர் தெமிஸ்டோகிளிஸ் ஜம்மித், நலமாகத் தோன்றிய ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்து, அவற்றிலேயே அந்நோய் குடியிருப்பதைக் காட்டினார். மறு ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. காய்ச்சலும் வெகுவாகக் குறைந்தது. கண்ணெதிரே கறந்த பால் தூய்மையானது என்று நம்பியிருந்த ஊருக்கு அது பேரதிர்ச்சி. நம் நாட்டில் பாலைக் காய்ச்சும் வழக்கம் நம்மை எவ்வளவு காத்திருக்கிறது என்பதை அந்தத் தீவை நினைத்தால் உணரலாம்.

நம் காலத்தில் ஆட்டுப்பாலுக்குப் பெருமை தேடித்தந்தவர் காந்தியடிகள். பசுவையும் எருமையையும் வதைத்துக் கறக்கும் முறைகளைக் கேள்வியுற்று 1912இல் அவர் பாலையே துறந்தார். 1918இல் நோயுற்று மெலிந்தபோது, அந்த நோன்பு ஆட்டுப்பாலைத் தடுக்காதே என்று கஸ்தூரிபா எடுத்துக்காட்ட, அவர் இணங்கினார். சொல்லைக் காத்தேன், சொல்லின் உயிரைக் காக்கவில்லையே என்ற உறுத்தல் அவரைவிட்டு நீங்கவில்லை என்பதைத் தம் சத்திய சோதனையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இன்று இந்தியாவின் மொத்தப் பாலில் ஆட்டுப்பாலின் பங்கு நூற்றுக்கு மூன்று அளவே. தமிழ்நாட்டு வெள்ளாட்டினங்களான கன்னி, கொடி, சேலம் கருப்பு ஆகியவை பெரிதும் இறைச்சிக்கானவை. திருவண்ணாமலைப் பகுதியில் மேயும் சென்னைச் சிவப்புச் செம்மறியும் அப்படியே. வடநாட்டு ஜமுனாபாரி போன்றவைதாம் கறவைக்குப் பெயர் பெற்றவை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து வீடுகளில் கறக்கும் பால் பெரும்பாலும் வீட்டுத் தேநீரோடு முடிந்துவிடும். ஆட்டுப்பாலைக் கடைந்து நெய் எடுப்பாரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆடு விடும் வழக்கமோ வேறொரு உருவில் திரும்பியிருக்கிறது. 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு, ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு விலையில்லாமல் நான்கு ஆடுகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. இம்முறை கொடுத்தவர் உழக்கு நெய் கேட்கவில்லை. ஆனால் ஆடு செத்தால் என்ன செய்வது என்ற பழைய கேள்வி அப்படியே இருந்தது. காப்பீடும் தடுப்பூசியும் அதற்குச் சொன்ன விடைகள்.

அந்தத் தடுப்பூசிகளுள் ஒன்றின் கதையோடு என் பேச்சை முடித்துக்கொள்கிறேன். ஆட்டுக்கொல்லி நோய் என்று ஒன்று உண்டு. கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்ப்புண், கழிச்சல் என்று தொடங்கிச் சில நாட்களில் ஒரு பட்டியையே வெறுமையாக்கிவிடும். ஆப்பிரிக்காவில் 1942இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோய், இந்தியாவில் முதன்முதலாக 1987ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில்தான் கண்டறியப்பட்டது. கண்டறியப்பட்ட ஊர், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூர். அந்த ஊர் ஆட்டிலிருந்து பிரித்தெடுத்த கிருமியை ஆய்வுக்கூடத்தில் பலமுறை வளர்த்து வீரியம் குறைத்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசி செய்தார்கள். ஒரு முறை போட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் காக்கும். நோய் கண்ட ஊரும் ஆண்டும் சேர்த்து அந்தக் கிருமி வகைக்கு வைத்த பெயர், அரசூர் 87.